மறைந்திருக்கும் சிரைக் காயம்

ஒருவருடைய தொடையின் உட்பக்கத்தில் ஒரு கத்தி முனையோ, வெடித்துச் சிதறிய இரும்புத் துண்டோ, துப்பாக்கிக் குண்டோ பாய்ந்துவிட்டது என்று வைத்துக் கொள்வோம். மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்குள் இரத்தப் பெருக்கு நின்றுவிட்டது. தோலில் ஒரு விரற்கடைத் துளை மட்டுமே தெரிகிறது. பாதத்தில் நாடி நன்றாகத் துடிக்கிறது. கால் விரல்கள் வெதுவெதுப்பாக இருக்கின்றன. எக்ஸ் கதிர்ப் படத்தில் எலும்பு முறிவு இல்லை. பார்ப்பவர் எவரும் 'பெரிய ஆபத்து ஒன்றுமில்லை' என்றே நினைப்பார். தொடைத் தமனி தப்பிவிட்டது என்பதும் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆனால் அந்தத் தமனியோடு ஒட்டிக்கொண்டு, ஒரே உறைக்குள் அதன் இணைபிரியாத் தோழனைப்போல் ஓடுகிறதே தொடைச் சிரை, அது தப்பியதா? மேலே சொன்ன சோதனைகளுள் ஒன்றுகூட இந்தக் கேள்விக்கு விடை கூறாது.

நான் இயற்பியல் கற்பிப்பவன், மருத்துவனல்லன். ஆயினும் இந்தக் கேள்விக்கு விடை கண்ட வரலாற்றில் மருத்துவர்களுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, ஏறத்தாழ அவ்வளவு பங்கு இயற்பியலுக்கும் உண்டு. அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

சிரை ஏன் பேசுவதில்லை?

இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டு செல்வது தமனி. இதயத்துக்குத் திருப்பிக் கொண்டு வருவது சிரை. இவ்வளவும் பள்ளிப் பாடம். இவற்றின் அழுத்தங்களை ஒப்பிட்டுப் பார்த்தால் மறைவின் காரணம் விளங்கும். தமனியில் இதயம் சுருங்கும்போது ஏறத்தாழ 120 மில்லிமீட்டர் பாதரச மட்டத்துக்கு அழுத்தம் எழுகிறது. விரியும்போது 80 அளவுக்கு இறங்குகிறது. இந்த ஏற்ற இறக்கமே நாடித் துடிப்பு. தமனி கிழிந்தால் இரத்தம் துடித்துத் துடித்துப் பீறிடும்; அல்லது திசுக்களுக்குள் தேங்கி, தொட்டால் துடிக்கும் வீக்கமாக எழும்; அல்லது காயத்துக்குக் கீழே நாடி மறைந்து, பாதம் குளிர்ந்து வெளுக்கும். எப்படியாவது தன் துன்பத்தைத் தமனி நமக்குத் தெரிவித்துவிடும்.

படுத்திருக்கும் ஒருவருடைய காற்சிரையிலோ அழுத்தம் பத்துப் பதினைந்து மில்லிமீட்டர்தான். அதில் துடிப்பும் இல்லை. அச்சிரையில் ஓட்டை விழுந்தால் இரத்தம் மெல்லக் கசியும். சுற்றியுள்ள தசைகளின் இறுக்கமே அதை நிறுத்தப் போதுமானது. சிறிது நேரத்தில் ஓட்டையின் வாயில் இரத்தம் உறைந்து மூடிக் கொள்கிறது. பாதத்துக்கு வரும் இரத்தம் தமனி வழியாக வருவதால் நாடிக்கும் ஒரு குறையும் நேர்வதில்லை. மருத்துவர் விரல் வைத்துப் பார்ப்பது பக்கத்து வீட்டுக்காரனை நலம் விசாரிப்பது போன்றது. காயம்பட்டவனோ அடுத்த அறையில் வாய் பேசாமல் கிடக்கிறான்.

அவர் எழுந்து நின்றால் நிலைமை வேறு. இதயத்திலிருந்து கணுக்கால் வரை ஏறத்தாழ 120 சென்டிமீட்டர் உயரமுள்ள இரத்தத் தூண் நிற்கிறது. இரத்தத்தின் அடர்த்தி 1.06, பாதரசத்தின் அடர்த்தி 13.6. வகுப்பறைக் கணக்குத்தான்: 120-ஐ 1.06-ஆல் பெருக்கி 13.6-ஆல் வகுத்தால் 9.35 சென்டிமீட்டர், அதாவது 93 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அசையாமல் நிற்பவருடைய கணுக்கால் சிரையில் உண்மையில் இதையொட்டிய அழுத்தம் இருப்பதை அளந்தே கண்டிருக்கிறார்கள். நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி இரத்தத்தை மேலே பிழிந்து தள்ளுவதால் அழுத்தம் மறுபடியும் குறைகிறது. சிரைக்குள் இருக்கும் வால்வுகள் தள்ளிய இரத்தம் திரும்பி விழாதபடி தடுக்கின்றன.

காயம்பட்ட சிரையில் கவலைக்குரியது கசிவு மட்டுமன்று. ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்க்கோ 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஓர் உண்மையை நிறுவினார். நுரையீரல் இரத்தக் குழாய்களை அடைத்து மனிதரைக் கொல்லும் இரத்தக் கட்டிகளுட் பல அங்கேயே தோன்றியவை அல்ல. காற்சிரைகளில் உருவாகி, பிய்த்துக் கொண்டு, இதயத்தின் வழியாக நுரையீரலுக்குப் பயணம் செய்தவை. குழாயின் சுவர் காயப்படுதல், ஓட்டம் தேங்குதல், இரத்தம் எளிதில் உறையும் நிலை ஆகிய மூன்றும் கட்டி உண்டாக ஏதுவாகின்றன என்பது அவர் பெயரோடு இன்றும் வழங்குகிறது. தொடையில் துளைக் காயம் பட்டுப் படுக்கையில் கிடப்பவரிடம் இம்மூன்றும் ஒருங்கே அமைந்துவிடக் கூடும். கட்டி நகராமல் அங்கேயே தங்கினாலும் வால்வுகள் பழுதாகி, பல ஆண்டுகளுக்குப் பின் கால் வீங்குதல், தோல் கறுத்தல், கணுக்கால் அருகே ஆறாத புண் என்று துன்பங்கள் தொடரலாம்.

ஹார்வியின் விரல்

சிரையைச் சோதிக்கும் முறையை முதன்முதலில் உலகுக்குக் காட்டியவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி. இத்தாலியில் பாதுவா நகரில் அவருடைய ஆசிரியராயிருந்த ஃபப்ரிசியஸ் 1603-ஆம் ஆண்டில் சிரை வால்வுகளைப் பற்றி நூல் எழுதினார். ஆனால் அவை எதற்காக இருக்கின்றன என்பதை அவர் சரியாக உணரவில்லை. மாணவர் உணர்ந்தார். 1628-இல் வெளிவந்த நூலில், மேற்கையில் கட்டுப் போட்டு முன்கைச் சிரைகளைப் புடைக்கச் செய்து, ஒரு விரலால் சிரையை அழுத்தி, மற்றொரு விரலால் இரத்தத்தை மேல்நோக்கி வழித்துவிடும் படங்களை ஹார்வி வெளியிட்டார். வழித்த பகுதி வெறுமையாகவே கிடந்தது. கீழ்விரலை எடுத்தவுடன் கீழிருந்து நிரம்பிற்று. இரத்தம் ஒரே திசையில் செல்கிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை. வாசகர்கள் தம் கையிலேயே செய்து பார்க்கலாம்.

ஆனால் இச்சோதனை தோலுக்கடியில் கண்ணுக்குத் தெரியும் சிரைக்கே பொருந்தும். தொடைச் சிரையும், முழங்காலின் பின்குழியில் ஓடும் சிரையும் தசைகளுக்குள் புதைந்து கிடக்கின்றன. ஹார்வியின் விரலை அவ்வளவு ஆழத்துக்குக் கொண்டு செல்ல மனிதனுக்கு மூன்றரை நூற்றாண்டுகள் ஆயின.

இடையில் ஒரு விதிவிலக்கு உண்டு. தமனியும் சிரையும் ஒரே குத்தில் துளைபட்டு, இரண்டு துளைகளும் ஒன்றோடொன்று பொருந்திக் கொண்டால், தமனி இரத்தம் நேரே சிரைக்குள் பாயத் தொடங்கிவிடும். அந்நாளில் நோய் தீர்க்க இரத்தம் வடிப்பது வழக்கம். முழங்கை மடிப்பில் சிரையைக் கீறும்போது கத்தி ஆழமாக இறங்கி அடியிலிருந்த தமனியையும் துளைத்துவிடும். இத்தகைய நோயாளிகளைக் கண்ட வில்லியம் ஹண்டர் 1757-இல் அதை விவரித்தார். சிரை புடைத்து அதிரும். காது வைத்தால் இரைச்சல் கேட்கும். சிரை வாய் திறந்து பேசுவது இந்த ஒரு நிலையில்தான். அப்போதும் பேசுவது தமனியின் குரலே!

குண்டைக் காட்டிய கதிர்

1895 நவம்பரில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். அடுத்த சில ஆண்டுகளிலேயே அவை போர்க்களத்துக்குச் சென்றுவிட்டன. இந்தியாவின் வடமேற்கு எல்லையில் 1897-98-இல் நடந்த திரா படையெடுப்பில் பீவர் என்ற இராணுவ மருத்துவர் எக்ஸ் கதிர்க் கருவியைக் கொண்டு சென்று, காயம்பட்டவர்களின் உடலில் குண்டுகள் எங்கே தங்கியிருக்கின்றன என்று காட்டினார். ஈயக் குண்டும் எலும்பும் படத்தில் பளிச்சென்று தெரியும். இரத்தக் குழாய்களோ தெரிவதில்லை. தசையும் இரத்தமும் கதிர்களை ஏறத்தாழ ஒரே அளவில் உட்கவர்வதே காரணம்.

இதற்கு ஒரு வழி உடனேயே தோன்றியது. 1896 ஜனவரியில், அதாவது ராண்ட்ஜனின் செய்தி பரவிய சில வாரங்களிலேயே, வியன்னாவில் ஹாஷெக், லிண்டன்தால் என்ற இருவர் இறந்துபோன ஒருவருடைய கையின் இரத்தக் குழாய்களில் சுண்ணாம்பும் பாதரசச் சேர்மமும் கலந்த குழம்பைச் செலுத்திப் படம் எடுத்தனர். ஏறத்தாழ ஒரு மணி நேரம் கதிர் வீச வேண்டியிருந்தது. படம் மிக அழகாக வந்தது. ஆனால் உயிருள்ளவனுக்கு அந்தக் குழம்பைச் செலுத்த முடியுமா?

ஒரு தனிமம் எக்ஸ் கதிரை உட்கவரும் திறன், அதன் அணு எண்ணின் மும்மடிக்கு நெருக்கமாக உயர்கிறது. ஆகவே அணு எண் மிகுந்த, அதே சமயம் உடம்பு பொறுத்துக் கொள்ளக் கூடிய பொருளைத் தேடும் வேட்டை தொடங்கிற்று. 1923-இல் ஜெர்மனியில் பெர்பெரிக், ஹிர்ஷ் என்போர் ஸ்ட்ரான்ஷியம் புரோமைடு கரைசலைச் செலுத்தி, உயிருள்ள மனிதரின் இரத்தக் குழாய்களைப் படமெடுத்தனர். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் பார்னி புரூக்ஸ் சோடியம் அயோடைடைக் கொண்டு கால் தமனிகளைக் காட்டினார். அயோடினின் அணு எண் 53. இன்று வரை அந்த இடத்தை விட்டு அது அசையவில்லை. இடையில் தோரியம் ஆக்சைடு என்ற பொருளுக்குப் பெரும் மதிப்பு இருந்தது. அணு எண் 90 அல்லவா? படம் அற்புதமாக வந்தது. ஆனால் தோரியம் கதிரியக்கமுள்ளது, கல்லீரலில் தங்கிவிடும். பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வந்தபோதுதான் அந்த அற்புதத்தின் விலை தெரிந்தது.

சிரைகளுக்கென்றே தனியாக இம்முறையைப் பண்படுத்தியவர்களுள் போர்ச்சுகலின் ஜோவாவ் சித் தோஸ் சாந்தோஸ், சுவீடனின் குன்னர் பாயர் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். 1930-களின் இறுதியிலும் 1940-இலும் அவர்கள் காற்சிரைப் படங்களை வெளியிட்டனர். புறங்காலில் ஒரு சிறு சிரையில் ஊசி போட்டு மருந்தைச் செலுத்த, அது மேலேறிச் செல்லும் வழியைப் படமெடுப்பது இம்முறை. நெடுங்காலம் இதுவே துலாக்கோலாக இருந்தது. ஆனால் குண்டடி பட்டு வீங்கிய காலில் ஊசி ஏற்ற ஒரு சிரையைக் கண்டுபிடிப்பதே பாடு. அதைவிட மோசம், அந்நாளைய மருந்துகள் சிரையின் உட்சுவரை உறுத்தின. கட்டி இருக்கிறதா என்று பார்க்கப் போய், பார்த்ததாலேயே கட்டி உண்டாவதும் உண்டு!

போர் கற்பித்தது

இங்கே கதையின் திசை சற்று மாறுகிறது. சிரைக் காயத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்பதற்கு முன், கண்டுபிடித்து என்ன பயன் என்று மருத்துவர்கள் வெகுநாள் நினைத்துக் கொண்டிருந்தனர் என்பதைச் சொல்ல வேண்டும்.

முதல் உலகப் போரின் அனுபவத்தை வைத்து 1919-இல் இரத்தக் குழாய்க் காயங்களைப் பற்றி நூல் எழுதிய பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ஜார்ஜ் மேக்கின்ஸ், தமனியைக் கட்ட நேர்ந்தால் கூடவே உள்ள சிரையையும் கட்டிவிடுவது நல்லது என்று கருதினார். அக்காலத்தில் அது மதிக்கப்பட்ட கருத்து. நல்ல சிரையையே வேண்டுமென்று கட்டும்போது, கிழிந்த சிரைக்காக யார் கவலைப்படுவார்? இரண்டாம் உலகப் போரிலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. அமெரிக்கப் படையினரிடம் ஏற்பட்ட 2,471 தமனிக் காயங்களை டிபேக்கி, சிமியோன் என்போர் ஆராய்ந்து 1946-இல் வெளியிட்டனர். தமனி கட்டப்பட்டவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் கை அல்லது காலை இழந்திருந்தனர். கொரியப் போரில் தமனியைக் கட்டாமல் தைத்துச் சீர்செய்யும் முறை பரவவே, இந்த இழப்பு நூற்றுக்கு 13 என்ற அளவுக்கு இறங்கியது.

தமனிக்கு இவ்வாறு விடிவு பிறந்தது. சிரைக்கு வழக்காட வந்தவர் நார்மன் ரிச். வியட்நாமில் களமருத்துவராகப் பணியாற்றித் திரும்பிய அவர், 1966-இல் வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் இரத்தக் குழாய்க் காயங்களுக்கென்று ஒரு பதிவேட்டைத் தொடங்கினார். காயம்பட்ட ஒவ்வொருவரையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, கால் என்ன ஆயிற்று என்று கேட்டுக் குறித்துக் கொள்வதே அதன் நோக்கம். பொறுமையான வேலை. ஆயிரம் தமனிக் காயங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் அருகிலிருந்த சிரையும் காயம்பட்டிருந்தது. 1976-இல் வெளியான மற்றோர் ஆய்வில், தமனி தப்பி, முழங்காற்குழிச் சிரை மட்டும் காயம்பட்ட 110 பேரைப் பிரித்தெடுத்தார்கள். சிரையைக் கட்டிவிட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் கால் வீக்கம் கண்டது. தைத்துச் சீர்செய்யப்பட்டவர்களில் எட்டில் ஒருவருக்குத்தான் கண்டது. தைத்தால் உள்ளே கட்டி உண்டாகி நுரையீரலுக்குப் போய்விடும் என்ற பழைய அச்சத்துக்கு இக்குறிப்புகள் ஆதரவு தரவில்லை.

என் பார்வையில், இந்த வரலாற்றில் எந்தக் கருவிக்கும் குறைந்ததன்று இப்பதிவேடு. சிரை ஒரு பொருட்டு என்று ஆன பிறகுதானே அதைத் தேடும் ஆர்வம் பிறக்கும்?

கத்தி ஓய்ந்தது, காயம் மறைந்தது

போர்க்கள அனுபவம் நகர மருத்துவமனைகளுக்கும் வந்தது. பெரிய இரத்தக் குழாயின் அருகே துளைக் காயம் இருந்தால், வேறு அறிகுறி இல்லாவிட்டாலும், திறந்து பார்த்துவிடுவது என்பது அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றில் வழக்கமாயிற்று. திறந்தவர்களில் பெரும்பாலோருக்கு உள்ளே ஒன்றும் இருப்பதில்லை. வீண் அறுவை, வீண் தழும்பு. ஆகவே 1970-களில், திறப்பதற்குப் பதிலாகத் தமனிக்குள் அயோடின் மருந்தைச் செலுத்திப் படமெடுப்பது பரவியது. அதிலும் பெரும்பாலான படங்கள் பழுதில்லாதவையாகவே வந்தன. 1980-களிலும் 1990-களின் தொடக்கத்திலும் இன்னும் எளிய வழி வந்தது. நாடி சரியாக இருக்கிறதா, கணுக்காலில் இரத்த அழுத்தம் கையில் உள்ள அழுத்தத்தில் பத்தில் ஒன்பது பங்குக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்தாலே போதும். தமனிக்குப் பெரிய காயமில்லை என்று நம்பலாம் என்பதைச் சியாட்டில் முதலிய இடங்களில் நடந்த ஆய்வுகள் காட்டின.

நோயாளிக்கு நன்மை தந்த முன்னேற்றம்தான்; ஐயமில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மருத்துவர் காலைத் திறந்து பார்த்த நாட்களில், தமனியைத் தேடிப் போனவர் கண்ணில் பக்கத்திலிருந்த சிரைக் காயமும் தானே பட்டுவிடும். தமனிப் படம் எடுத்தபோது தமனி மட்டுமே தெரிந்தது. கணுக்கால் அழுத்தம் பார்த்தபோது அதுவும் தமனியின் அழுத்தமே. சோதனை எளிதாக ஆக ஆக, சிரை மேலும் மேலும் இருளுக்குள் போயிற்று. மறைந்திருக்கும் சிரைக் காயம் என்ற சிக்கல் இயற்கையால் மட்டும் வந்ததன்று. அதில் பாதி, தமனிக்காகவே வகுத்த சோதனைகளால் நாமே உண்டாக்கிக் கொண்டது.

விண்மீனிலிருந்து சிரைக்கு

இனி இயற்பியலுக்கு வருவோம். 1842-இல் பிராக் நகரில் கிறிஸ்டியன் டாப்ளர், ஒளி தரும் பொருள் நம்மை நோக்கி வந்தால் அலையின் அதிர்வெண் கூடியும், விலகிச் சென்றால் குறைந்தும் தோன்றும் என்று வாதிட்டார். இரட்டை விண்மீன்களின் வண்ணங்களுக்கு இதுவே காரணம் என்று அவர் கருதியது தவறு. ஆனால் விதி சரி! மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஹாலந்தில் பய்ஸ் பாலட் என்பவர், ஓடும் ரயிலில் ஊதுகுழல் வாசிப்பவர்களை ஏற்றி, சுரஞானம் மிக்க இசைக் கலைஞர்களைப் பாதையோரம் நிறுத்தி, ஒலிக்கும் இவ்விதி பொருந்துவதை மெய்ப்பித்தார். ரயில் நிலையத்தில் நிற்காமல் கடந்து செல்லும் விரைவு வண்டியின் ஊதல் நம்மைத் தாண்டியவுடன் சுருதி இறங்குவதைக் கேட்டிராதவர் யார்?

1880-இல் கியூரி சகோதரர்கள் சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றுவதைக் கண்டனர். அதன் மறுதலையாக, மின்சாரம் கொடுத்தால் படிகம் அதிரும். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பலைத் தேட லாஞ்செவின் இதைப் பயன்படுத்திக் கேளா ஒலியை உண்டாக்கினார். இந்த இரண்டு இழைகளையும் முடிந்தவர் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்து இயற்பியலாளர் ஷிகேயோ சாட்டோமுரா. 1950-களின் பிற்பகுதியில் அவர் கேளா ஒலியை உடலுக்குள் அனுப்பி, திரும்பி வரும் ஒலியின் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு முதலில் இதயத்தின் அசைவையும், பின்னர் இரத்த ஓட்டத்தையும் அறிந்தார். இரத்தத்திலிருந்து வந்த இரைச்சல் அதன் சுழிப்பால் உண்டாவது என்று அவர் எண்ணினார். ஒலியைச் சிதறடித்து அனுப்புபவை இரத்தச் சிவப்பணுக்களே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அதற்குள் சாட்டோமுரா 1960-இல், நாற்பத்திரண்டு வயதைக்கூட எட்டாமல் காலமாகிவிட்டார். 1961-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஃபிராங்க்ளின், ஷ்லேகல், ரஷ்மர் ஆகிய மூவரும் இதே விதியைக் கொண்டு நாயின் இரத்த ஓட்டத்தை அளந்தனர்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அனுப்பும் ஒலியின் அதிர்வெண் வினாடிக்கு 50 லட்சம். உடல் திசுவில் ஒலியின் வேகம் வினாடிக்கு 1,540 மீட்டர். இரத்தம் வினாடிக்கு 20 சென்டிமீட்டர் வேகத்தில் செல்கிறது. ஒலி அதை 60 பாகைச் சாய்வில் சந்திக்கிறது. இரத்தத்தின் வேகத்தை ஒலியின் வேகத்தால் வகுத்து, அதிர்வெண்ணால் பெருக்கி, போகவர இரண்டு முறை என்பதற்காக இரண்டால் பெருக்கி, சாய்வுக்காகப் பாதியாக்கினால், மாற்றம் வினாடிக்கு ஏறத்தாழ 650. இது நம் காது நன்றாகக் கேட்கும் எல்லைக்குள் இருக்கிறது! கேளா ஒலியை அனுப்பினோம். கேட்கும் ஒலி கிடைத்தது. ஓர் ஒலிபெருக்கியை இணைத்துவிட்டால் போதும். வகுப்பில் இக்கணக்கைப் போடும்போதெல்லாம் மாணவர்களைவிட எனக்கே மகிழ்ச்சி அதிகம்.

சிரை முதன்முதலாகப் பேசத் தொடங்கியது இங்கேதான். தமனியின் ஒலி துடிப்புத் துடிப்பாகச் சாட்டை வீசுவதுபோல் கேட்கும். சிரையின் ஒலி தாழ்ந்தது. மரத்தோப்பில் காற்று வீசுவது போன்றது. மூச்சோடு கூடிக் குறையும். கெண்டைக்காலைக் கையால் பிழிந்தால், மேலே தொடையில் அக்காற்று திடீரென்று இரையும். இரையாவிட்டால் இடையில் எங்கோ அடைப்பு. ஹார்வி கண்ணால் பார்த்ததை இப்போது காதால் கேட்கிறோம். சியாட்டில் அறுவை மருத்துவர் யூஜின் ஸ்டிராண்ட்னெஸ் முதலியோர் 1960-களில் இதைக் கால் நோய்களுக்குப் பயன்படுத்தினர்.

ஆனால் இதில் ஒரு குறை. தொடர்ந்து ஒலியை அனுப்பும் கருவிக்கு, ஒலி எவ்வளவு ஆழத்திலிருந்து திரும்புகிறது என்று தெரியாது. தமனியும் சிரையும் நெருங்கி ஓடும் இடத்தில் இது பெருங்குழப்பம். டொனால்டு பேக்கர் என்ற பொறியியலாளர் ஒலியைத் துண்டு துண்டாக அனுப்பி இக்குறையைத் தீர்த்தார். நான்கு சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து திரும்ப ஒலிக்கு 52 மைக்ரோ வினாடி ஆகும். அந்தக் கணத்தில் மட்டும் காது திறந்து வைத்தால் அந்த ஆழத்து ஓட்டம் மட்டும் கேட்கும். 1974-இல் சியாட்டில் குழுவினர் இதனோடு திசுக்களின் எதிரொலிப் படத்தையும் ஒரே கருவியில் சேர்த்தனர். குழாயின் உருவமும் அதனுள் ஓட்டமும் ஒன்றாகத் தெரிவதால் இதற்கு டூப்ளெக்ஸ், அதாவது இரட்டைமுறை, என்று பெயர். 1980-களில் ஜப்பானியர் ஓட்டத்துக்கு வண்ணம் தீட்டினர். சிவப்பு என்றால் தமனி, நீலம் என்றால் சிரை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. ஆய்முனையை நோக்கி வருவது ஒரு நிறம், விலகிச் செல்வது மற்றொரு நிறம், அவ்வளவே. ஆய்முனையைத் திருப்பிப் பிடித்தால் நிறங்களும் இடம் மாறிக் கொள்ளும்.

காயத்தைப் பார்த்தல்

இக்கருவி முதலில் துளைக் காயங்களில் தேடியதும் தமனியைத்தான். 1990-களின் தொடக்கத்தில் அதில் வெற்றி கண்ட பின்னரே சிலர் பக்கத்துக் குழாயின் பக்கம் பார்வையைத் திருப்பினர். 1995-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதையே தன் பொருளாகக் கொண்டது. பெரிய இரத்தக் குழாயின் அருகே துளைக் காயம் பட்டும் வெளி அறிகுறி இல்லாதவர்களைக் கேளா ஒலியாலும், சிரைக்குள் மருந்து செலுத்தும் எக்ஸ் கதிர்ப் படத்தாலும் சோதித்தார்கள். ஐயத்துக்கு இடமில்லாத கால்களிலும் தொடைச் சிரை, முழங்காற்குழிச் சிரை ஆகியவற்றின் காயங்கள் வெளிப்பட்டன. எவரும் தேடாமலிருந்தால் அவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பார்கள்.

திரையில் என்ன தெரிகிறது? பழுதில்லாத சிரையை ஆய்முனையால் மெல்ல அழுத்தினால் அதன் இரு சுவர்களும் ஒட்டிக் கொண்டு, சிரையே மறைந்து போகும். உள்ளே கட்டி இருந்தால் சிரை நசுங்காது. பத்து மில்லிமீட்டர் அழுத்தமுள்ள குழாயை விரல் நசுக்கிவிடும். உறைந்த கட்டியை நசுக்காது என்னும் எளிய உண்மையே இச்சோதனையின் அடிப்படை. சுவரில் பிளவு, ஓட்டத்தின் நடுவே மிதக்கும் கிழிந்த மடல், வெளியே தேங்கிய இரத்தம், தமனியிலிருந்து சிரைக்குள் பாயும் கலங்கல் ஓட்டம் ஆகியவற்றையும் பழகிய கண் கண்டுகொள்ளும். 'பழகிய கண்' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். காயத்துக்குள் புகுந்த காற்று ஒலியைத் திருப்பி அடித்துவிடும். பெரிய வீக்கமும் கட்டுத்துணியும் ஆய்முனையை அண்டவிடா. இடுப்புக்கு மேலுள்ள சிரைகளைக் குடல் மறைக்கும். ஒன்றும் தெரியவில்லை என்பதற்கும், ஒன்றும் இல்லை என்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சோதிப்பவர் மறக்கக் கூடாது.

இன்று பெரிய மருத்துவமனைகளில் காயம்பட்டவரை நேரே கணினி எக்ஸ் கதிர்ப் படக் கருவிக்குள் அனுப்புகிறார்கள். கையில் ஏற்றிய அயோடின் மருந்து தமனியை நிரப்பும் கணத்தைக் கணக்கிட்டுப் படமெடுக்கிறது அக்கருவி. மருந்து தந்துகிகளைக் கடந்து காற்சிரைக்கு வந்து சேர்வதற்குள் படம் முடிந்துவிடும். சிரையையும் பார்க்க விரும்பினால் சற்றுத் தாமதித்து இன்னொரு முறை எடுக்குமாறு மருத்துவர் சொல்ல வேண்டும். ஆகவே இவ்வளவு விலையுயர்ந்த கருவியிலும் பழைய கதை திரும்பவும் நிகழக் கூடும்.

கண்டுபிடித்த பின் என்ன செய்வது என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. நிலை குலைந்து வந்தவருக்கு உயிரைக் காக்கச் சிரையைக் கட்டிவிடுவது இன்றும் ஏற்றுக் கொள்ளப்பட்ட முறையே. நிதானமாக இருப்பவருக்குத் தைக்கிறார்கள். சிறு காயங்கள் பல தாமாகவே ஆறிவிடுகின்றன என்பதால் அவற்றைத் தொடாமல் விடுவோரும் உண்டு. அத்தகையவரிடம் கட்டி தென்பட்டால், புதிதாகக் காயம்பட்ட உடம்பில் இரத்தம் உறையாமைக்கான மருந்தை எப்போது தொடங்குவது என்பது தனிச் சிக்கல். முதல் நாளில் இல்லாத கட்டி மூன்றாம் நாளில் இருக்கலாம். அதனால் வீட்டுக்கு அனுப்புமுன் ஒருமுறையும், சில நாட்கள் கழித்து மறுமுறையும் ஆய்முனையை வைத்துப் பார்க்கிறார்கள். ஊசியில்லை, கதிரில்லை, வலியும் அதிகமில்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம்.